கடலோரச் சபை ஒன்று திக்கற்ற பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கலாமா?

கடைமடை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மயிலாடுதுறை மாவட்டக் கடலோரத்தில் உள்ள ஒரு சிறிய சபையின் கமிட்டியில் நான் இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகள் சிலரும், தகப்பன் இறந்தபின் தாய் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டதால் பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் பலரும் இருக்கிறார்கள். ஆலயத்தை ஒட்டிப் பூட்டிக் கிடக்கும் பழைய போதகர் வீட்டைப் பழுதுபார்த்து, இவர்களைத் தங்கவைத்துப் படிக்கவைக்க வேண்டும் என்பது சபையாரின் விருப்பம். வெளிநாட்டில் வாழும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். 1706-ல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியது முதல் இந்த மண்ணில் நடந்துவரும் ஊழியம்தானே, இதற்கு என்ன தடை என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். என்ன அனுமதி வேண்டும்? பிற சமயத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு காலை மாலை ஜெபத்தில் உட்காரவைக்கலாமா?

குடந்தை வக்கீல்:

தங்கவைப்பது என்று முடிவு செய்த உடனே நீங்கள் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் எந்த இல்லமும், அரசு உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும், 41-ஆம் பிரிவின்கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் 42-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பாட்டி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்பதற்காகப் பிள்ளையை நீங்களாக வைத்துக்கொள்ள முடியாது. ஆதரவற்ற பிள்ளை கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். எங்கே தங்குவது என்பதை அந்தக் குழுதான் உத்தரவிடும்.

அதைவிட முக்கியமானது, இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே அதே சட்டம் வைத்திருக்கிறது. நீங்கள் சொல்லும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ பாட்டியோ இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது பணம். விதவைத் தாயிடமோ உறவினரிடமோ வளரும் பிள்ளைக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு மாநில அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கிறது. இறப்புச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு என்று அலைய ஆளில்லாமல் இவை கைவிட்டுப் போகும் வீடுகள் டெல்டாவில் ஏராளம். உங்கள் கமிட்டியில் எழுதத் தெரிந்த இருவர் அந்த அலைச்சலை ஏற்றுக்கொண்டாலே பாதி ஊழியம் முடிந்துவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை, ஊர்க்காரர் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்து தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவரிடம் வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் அனுமதி தேவை. பாஸ்போர்ட்டை ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

பழைய விடுதி மாணவன்:

நான் டெல்டாவில் ஒரு மிஷன் விடுதியில் வளர்ந்தவன். மூன்று வேளைச் சோறும் பள்ளிக்கூடமும் அங்கேதான் கிடைத்தன, அந்த நன்றி குறையவில்லை. ஆனால் இல்லம் தொடங்குபவர்களின் கண்ணில் படாத சில விஷயங்கள் உண்டு. பெயர் எழுதிய தகரப் பெட்டியைத் தவிர எங்களுக்கென்று தனியிடம் எதுவும் கிடையாது. நன்கொடையாளர் வரும் நாளில் எண்ணெய் வைத்துத் தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டு, வரிசையில் நின்று பாட வேண்டும். அப்பா எப்படி இறந்தார் என்பதை மைக்கில் சொல்லவும் வைப்பார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அதைவிடக் கூசும் காரியம் இல்லை. சனிக்கிழமைகளில் என் ஆத்தா மஞ்சப்பையில் முறுக்கு கட்டிக்கொண்டு வரும். நடவு, அறுப்பு நாட்களில் வராது. அந்த மாதங்களில் நான் வாங்கிய மதிப்பெண்களைப் பார்த்தாலே அது தெரியும்.

ஜெபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இரவு ஜெபம் எனக்குப் பிடித்திருந்தது, இன்றும் நான் விசுவாசிதான். ஆனால் வேதவசனம் ஒப்பிக்காதவனுக்குக் கறிச்சோறு கடைசியில்தான் என்ற ஒரு வழக்கம் இருந்தது. அப்படி ஊட்டிய பக்தி என்னுடன் இருந்த பலரிடம் விடுதி வாசலோடு நின்றுவிட்டது.

இன்னொன்று, யாரும் வெளிப்படையாகப் பேசாதது. இந்தப் பகுதியில் இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலர் விவசாயக் கூலிகளான பட்டியல் சாதிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவருக்குத்தான் அந்தத் தகுதி உண்டு. எட்டு வயதில் ஞானஸ்நானம் கொடுத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டால், பதினெட்டு வயதில் சாதிச் சான்றுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நிற்கப்போவது அந்தப் பிள்ளை. அந்த ஆணை நியாயமற்றது என்பதே என் கருத்து. ஆனாலும் அது மாறும்வரை, விவரம் புரியாத பிள்ளையின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றக்கூடாது.

வெண்ணாற்றங்கரை:

நான் கிறிஸ்தவன் அல்லன். தஞ்சையில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரியவர்கள் சீகன்பால்குவைச் சொல்கிறார்கள் என்றால் தஞ்சையில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரையும் அவர்களுக்கு நினைவூட்டுங்கள். 1787-ல் தஞ்சை மன்னர் துளஜா இறந்தபோது, தத்துப்பிள்ளையான பத்து வயதுச் சரபோஜியைச் சுவார்ட்ஸிடம்தான் ஒப்படைத்துப் போனார். அரியணை ஏறிய துளஜாவின் தம்பி அமர்சிங் அந்தப் பையனை நெருக்கியபோது, சுவார்ட்ஸ் அவனைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். 1798-ல் சுவார்ட்ஸ் மறைந்தபின் அவருக்கு லண்டன் சிற்பி ஃப்ளாக்ஸ்மனிடம் பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்தவரும் அதே சரபோஜிதான். சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஆலயத்தில், படுக்கையில் கிடக்கும் கிழவரின் கையை மன்னர் பிடித்திருப்பதை இன்றும் பார்க்கலாம். அதே சுவார்ட்ஸிடம் படித்த வேதநாயக சாஸ்திரியார் தமிழ்க் கிறிஸ்தவத்தின் பெருங்கவிஞர் ஆனார். இருவரில் எவருக்கும் அவர் குறைவைக்கவில்லை.

கடைமடை:

கமிட்டியில் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. கடைசியில் ஒரு மூதாட்டி, யாக்கோபு நிருபம் திக்கற்ற பிள்ளைகளை மட்டுமா சொல்கிறது, விதவைகளையும் சேர்த்துத்தானே சொல்கிறது, தாயை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் எடுத்துக்கொள்வானேன் என்று கேட்டார். அதன்பின் பேச்சு திசைமாறிவிட்டது. போதகர் வீட்டை மாலைப் படிப்பகமாக்கி, இரவுச் சாப்பாடு கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். இதற்கும் பதிவு வேண்டுமா?

குடந்தை வக்கீல்:

இரவு யாரும் தங்காத படிப்பகத்துக்கு 41-ஆம் பிரிவுப் பதிவு வேண்டியதில்லை. ஆனாலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளையுடனும் பெரியவர் ஒருவர் மட்டும் தனித்திருக்கக் கூடாது என்பதை முதல் நாளே தீர்மானமாக எழுதிவையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதுங்கள். ஜெபத்தைச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொண்டால், போக விரும்பும் பிள்ளை வயிறு நிறைந்து போகலாம். யாருக்கும் உண்மையிலேயே வீடு இல்லையென்றால் அந்த ஒரு பிள்ளைக்காக நலக் குழுவுக்கு மனு எழுத நான் வருகிறேன், கட்டணம் வேண்டாம்.