பேக்வாட்டருக்கு ‘முட்டுநீர்’ சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளத்தைக் கணிக்கும் கணினி மாதிரியுருக்களின் ஒப்பீட்டு அட்டவணையைத் தமிழில் எழுதப்போய் பேக்வாட்டரில் வந்து நிற்கிறோம், அதாவது கீழே நீர் உயர்ந்து நிற்பதால் மேலேயும் மட்டம் ஏறும் நிலைக்கு என்ன பெயர் வைப்பது என்பதில். தம்பி சொன்ன ‘பின்னீர்’ எனக்கு ஒட்டவில்லை, பிறகு வரும் நீர் என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். உப்பங்கழி என்றால் கேரளப் படகு வீடுதான் நினைவுக்கு வரும். அக்காவின் ‘எதிரோட்டம்’ நல்ல சொல்தான், ஆனால் அது வேறொன்றின் பெயர்.

போன மழைக்கு வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் நின்று பார்த்தேன். ஒரு யோகட் கோப்பை கடல் பக்கமாகத்தான் மிதந்து போனது, ஆனால் நடந்தே அதை முந்திவிடலாம், அவ்வளவு மெதுவாக. அதற்குள் கரைப் படிகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. “கீழே தண்ணி முட்டி நிக்குது மகன்” என்றார் பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர். ஓட்டம் திரும்பவில்லை, மட்டம்தான் ஏறியது. நீர் உண்மையிலேயே திரும்பி ஓடும் நிலைக்கு எதிரோட்டத்தை வைத்துக்கொள்வோம்.

அதனால் என் முன்மொழிவு: முட்டுநீர். கீழே எதிலோ முட்டி நிற்கிறது என்பது ஒரு பொருள். வாளி முட்டத் தண்ணீர் என்கிறோமே, அந்த நிறைவும் கூடவே வருகிறது. யாழ்ப்பாணத்தில் முட்டு என்றால் இளைப்பு வருத்தம் என்பது தெரியும், ஆனால் நீரோடு சேர்த்தால் யாரும் குழம்பமாட்டார்கள். வளைவு, நீளம் எல்லாம் பின்னால் ஒட்டிக்கொள்ளும்: முட்டுநீர் வளைவு, முட்டுநீர் நீளம்.

இதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம், கொழும்புக்கு மாதிரியுரு தெரிவு செய்வதே இந்த ஒரு சொல்லில்தான் தங்கியிருக்கிறது. நகர மழைநீர் ஓட்டத்தைக் கணிக்கும் மென்பொருளான எஸ்டபிள்யூஎம்எம்மை (SWMM) கைனமாட்டிக் வேவ் என்ற எளிய முறையில் ஓட்டினால் அது மேலிருந்து கீழே மட்டும்தான் கணக்குப் பார்க்கும், கடைவாயில் நீர் எவ்வளவு உயர்ந்து நின்றாலும் மேலே உள்ள கால்வாய்க்கு அது தெரியவே தெரியாது. அதே மென்பொருளை டைனமிக் வேவ் முறைக்கு மாற்றினால் நீரோட்டத்துக்கென 1871இல் வந்த செயின்ட் வெனான் சமன்பாடுகளை முழுமையாகத் தீர்க்கும், முட்டுநீரும் கணக்கில் வந்துவிடும். ஆற்றோட்ட மென்பொருளான ஹெக்ராஸின் (HEC-RAS), நேரத்தோடு மாறும் ஓட்டத்துக்கான கணிப்பும் அப்படியே. களனி கங்கை உயர்ந்து நிற்கும்போது நகரத்து மழைநீர் எங்கே போகும் என்று கேட்கிற எங்களுக்கு முதல் வகை உதவாது.

அதனால் அட்டவணையில் மென்பொருளின் பெயருக்கு அடுத்த நிரலுக்கு ‘முட்டுநீரைக் கணிக்குமா?’ என்று தலைப்பிட்டிருக்கிறேன், எஸ்டபிள்யூஎம்எம்முக்கு முறைக்கு ஒன்றாக இரண்டு வரிகள். மறுப்பிருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், முக்கியமாக அக்கா.