36 அடிப் பாய்மரப் படகு: பந்தயத்துக்கும் நெடும்பயணத்துக்கும் ஒன்றே போதுமா?

பாயிண்ட்_பாய்: டர்பனில் கட்ட நினைக்கும் படகின் கணக்கு இது. நீர்க்கோட்டு நீளம் 9.5 மீ, அகலம் 3.6 மீ, எடை 5.5 டன், பாய்ப்பரப்பு 65 ச.மீ, கீல் (படகின் அடியில் கீழ்நோக்கி நீளும் எடைத் தகடு) ஆழம் 2.2 மீ, கீல் நுனியில் ஈயக் குண்டு, பின்புறம் தட்டையாக அகன்றது. வார இறுதியில் பந்தயம், வருஷத்துக்கு ஒரு தடவை கேப் டவுனோ மொரிஷியஸோ. குறை சொல்லுங்கள்.

தென்மேற்கு: தம்பி, இதெல்லாம் காலிப் படகின் கணக்கு. தண்ணீர் 300 கிலோ. டீசல் 150 லிட்டர், சுமார் 125 கிலோ. 10 மி.மீ சங்கிலி 60 மீட்டர், 138 கிலோ. நங்கூரம் 20. பேட்டரி, சோலார், உயிர்காப்புத் தெப்பம், நாலு பேர் சாப்பாடு, கருவிப்பெட்டி எல்லாம் சேர்த்தால் 1.1 டன் வந்துவிடும். நீர்க்கோட்டுப் பரப்பு 20 ச.மீ என்றால் படகு 5 செ.மீ கூடுதலாக அமிழும். எடை–நீள விகிதம் (கூடினால் படகு கனம்) 179-லிருந்து 215 ஆகும், பாய்–எடை விகிதம் (கூடினால் வேகம்) 21-லிருந்து 19-க்குக் கீழே போகும். அந்தத் தட்டைப் பின்புறம் தண்ணீருக்குள் இறங்கி இழுக்கும், மெல்லிய காற்றில் படகு நகராது. 6.6 டன்னுக்கு வரையுங்கள், பந்தயத்தன்று சாமானை இறக்கிக்கொள்ளலாம்.

பாயிண்ட்_பாய்: அண்ணே, 19-க்குக் கீழே போனாலும் அது பல பயணப் படகுகளைவிட வேகம்தான். 6.6 டன்னுக்கு வரைந்தால் பந்தயத்தன்று பின்புறம் மேலே தூக்கி, நீர்க்கோடு குறுகும். அதற்குப் பதில் எடையைக் குறைக்கிறேன். 8 மி.மீ உயர்தரச் சங்கிலி போட்டால் 60 மீட்டருக்கு 84 கிலோதான். சங்கிலிப் பெட்டியை முகப்பிலிருந்து பாய்மரத்தின் அடிக்குக் கொண்டுவந்தால் படகின் முகப்பு அலையில் குத்தாது. தண்ணீர் டேங்க் கீலுக்கு நேர் மேலே.

தென்மேற்கு: வேகம் இருக்கட்டும். 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 15 மாலுமிகள் இறந்த பிறகு வந்த கவிழ்வுச் சூத்திரம் தெரியுமல்லவா? அகலத்தை அடியில் எடுத்து, பவுண்டு எடையை 64-ஆல் வகுத்து அதன் கனமூலத்தால் வகுக்க வேண்டும். 2-க்குக் கீழே வரணும். உங்களுக்கு 2.06.

பாயிண்ட்_பாய்: நீங்கள் ஏற்றச் சொன்ன 1.1 டன்னை ஏற்றினால் 1.94, தேறிவிடும்! அதே 1.1 டன்னைப் பாய்மர உச்சியில் கட்டினாலும் 1.94-தான். ஈர்ப்பு மையம் எங்கே என்றே தெரியாத சூத்திரம் அது. எத்தனை பாகை வரை சாய்ந்தாலும் தானே நிமிரும் என்பதைப் பாருங்கள். படகுகளின் நிலைத்தன்மைக்கான ஐஎஸ்ஓ 12217-2 தரத்தில் ஏ வகைக்கு (பெருங்கடல் படகு) இந்த எடையில் 119 பாகை வேண்டும். என் வரைபடத்தில் 124, குண்டு ஆழத்தில் இருப்பதால்.

தென்மேற்கு: சூத்திரம் கரடுமுரடானதுதான், ஒத்துக்கொள்கிறேன். அந்த 124-ஐ முன்பாயைச் சுருட்டி, ரேடாரை மேலே ஏற்றி மறுபடி போடுங்கள். அப்புறம் நம்ம கரையை நினையுங்கள். டர்பனிலிருந்து ஈஸ்ட் லண்டன் வரை ஏறக்குறைய 250 கடல் மைல், நடுவில் நம்பி ஒதுங்கத் துறைமுகம் இல்லை. வேகத்துக்காக 200 மீட்டர் ஆழக்கோட்டை ஒட்டி, தென்மேற்காக ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டத்தில் போவோம். விழுந்துகொண்டிருந்த பாரமானி நின்றால் தென்மேற்குக் காற்று வரப்போகிறது, 100 மீட்டர் ஆழக்கோட்டுக்கு உள்ளே, கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும். பிந்தினால், நீரோட்டத்துக்கு எதிராகக் காற்றடித்து அலை சுவராக நிற்கும். தட்டை அடி அதில் ஒவ்வொரு அலைக்கும் அறை வாங்கும். பாய்மரத்திலிருந்து முன்தளத்துக்குக் கழற்றக்கூடிய உள் முன்கயிறும், அதில் ஏற்றச் சிறிய புயல் பாயும் வேண்டும். பெரிய பாயில் மூன்றாவது ரீஃப் (பாயைச் சுருக்கிக் கட்டும் நிலை) வேண்டும், விற்பனைப் படகுகள் பலவற்றில் இரண்டுதான்.

கிராண்ட்_பே: மொரிஷியஸிலிருந்து ஒரு வரி. 2.2 மீட்டரோடு வந்தால் பவளப்பாறைக்கு உள்ளே பல இடங்களுக்கு நுழைய முடியாது. 1.8 வையுங்கள், குண்டை இன்னும் கனமாக்குங்கள்.

பைபர்_பட்டறை: ஆழத்தைவிடக் கீல் எப்படி ஒட்டியிருக்கிறது என்பது முக்கியம். 2014-இல் அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிகி என்ற பாய்மரப் படகு கீல் கழன்று கவிழ்ந்தது, நாலு பேரும் போய்விட்டார்கள். தரைதட்டியபோது ஒட்டு விட்டுப்போயிருக்கலாம் என்றது விசாரணை. மோதும்போது கீலின் பின்முனை அடித்தட்டை மேலே குத்தும், மயிரிழை விரிசல் முதலில் அங்கேதான் வரும். அதனால் தனியே வார்த்து ஒட்டும் உட்கூடு வேண்டாம், ஒட்டு விட்டால் வெளியே தெரியாது. குறுக்குச் சட்டங்களை அடித்தட்டோடு பைபர் துணியால் நேரடியாகப் பிணையுங்கள், சுத்தியால் தட்டினால் மந்தச் சத்தம் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று: கீலுக்கு நேர் மேலே டேங்க் வைத்தால் கீலைப் பிடிக்கும் போல்ட்டை எப்படிப் பார்ப்பீர்கள்? இரண்டாகப் பிரித்து இருபக்க இருக்கைக்கு அடியில் வையுங்கள்.

பாயிண்ட்_பாய்: ஈர்ப்பு மையம் ஏறுமே?

பைபர்_பட்டறை: 300 கிலோவை 20 செ.மீ ஏற்றினால் 6.6 டன் படகின் மையம் 9 மி.மீ ஏறும். அவ்வளவுதான். இரண்டு டேங்குக்கும் நடுவே வால்வு வையுங்கள், பயணத்தில் காற்றடிக்கும் பக்கம் தண்ணீரை மாற்றலாம். பந்தயத்தில் மூடியே இருக்கணும், சாய்வைக் குறைக்கத் தண்ணீரை நகர்த்துவது பாய்மரப் பந்தய விதி 51-இன்படி தப்பு.