மறு: ஃபோர்ஸ் என்பதற்கு "விடுபக்கம்"

அன்பு நண்பர்களுக்கு,

அல்டிமேட் என்ற பறக்கும் வட்டு (ஃபிரிஸ்பீ) ஆட்டத்தின் ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தமிழ்ச்சொல் தேடுகிற பட்டியலுக்காக எழுதுகிறேன். எறிபவரை ஒரே பக்கமாக எறிய வைக்கிற காப்பு முறையைத்தான் ஃபோர்ஸ் என்கிறோம். சென்ற மடலில் வந்த யோசனைகளுக்கு என் பதில் கீழே.

> ஃபோர்ஸ் – "கட்டாயப்படுத்தல்" பொருந்தும். "விசை" வேண்டாம், இயற்பியலோடு குழம்பும்.

"விசை" வேண்டாம், சரி. ஆனால் "கட்டாயப்படுத்தல்" களத்தில் நிற்காது. அல்டிமேட் களம் 37 மீட்டர் அகலம். வட்டைப் பிடித்தவர் ஓடக்கூடாது, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, எதிரே நிற்பவர் சத்தமாக எண்ணிப் பத்தைச் சொல்லத் தொடங்குவதற்குள் எறிந்துவிட வேண்டும். அப்படி எண்ணுகிற ஆள் பெரும்பாலும் நேர் எதிரே நிற்பதில்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று அந்தப் பக்கத்தை அடைக்கிறார். வலக்கைக்காரரின் இடப்புறத்தை அடைத்தால் பேக்ஹேண்ட் (கையை உடலின் குறுக்கே கொண்டுபோய் எறிவது) சுலபமாகப் போகாது, ஃபோர்ஹேண்டுக்கு (எறிகிற கையின் பக்கத்திலிருந்தே எறிவது) மட்டும் வழி இருக்கும். காக்கும் அணியின் மற்ற ஆறு பேரும் அதை நம்பித்தான் அவரவர் ஆளுக்குத் திறந்த பக்கமாக நின்று காக்கிறார்கள். அதாவது இது ஒரு ஆள் இன்னொரு ஆளைக் கட்டாயப்படுத்துகிற விஷயம் இல்லை, ஏழு பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. அந்த ஆறு பேருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எந்தப் பக்கம் திறந்திருக்கிறது?

அதனால் "விடுபக்கம்", "அடைபக்கம்" என்ற இணையை முன்வைக்கிறேன். விடுகதை, விடுமுறை மாதிரி வினைத்தொகை, சொல்லவும் லகுவாக இருக்கிறது. சென்ற மடலில் வந்த "மறிப்பு" எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் "இடது மறிப்பு" என்று கத்தினால் இடதை அடைக்கச் சொல்கிறார்களா, இடது பக்கம் போக விடச் சொல்கிறார்களா? கேட்கிறவர் அரை நொடி யோசித்தாலே அவருடைய ஆள் ஓடிவிடுவார். மறிப்பை எண்ணுகிற ஆளுக்கு வைத்துக்கொள்ளலாம், "மறிப்பவர்" என்று.

அப்புறம் இடது வலது வேண்டவே வேண்டாம். எறிபவரும் மறிப்பவரும் எதிரெதிரே நிற்பதால் ஒருவருக்கு இடது மற்றவருக்கு வலது. ஃபோர்ஹேண்ட் என்று சொன்னாலும், இடக்கைக்காரர் கைக்கு வட்டு போனதும் பக்கம் மாறிவிடும். ஆங்கிலத்தில் ஆடுகிறவர்களே பல நேரம் தங்கள் பைகள் கிடக்கிற கோட்டோரத்தை வைத்துத்தான் பக்கம் சொல்கிறார்கள். பெசன்ட் நகர் மணலில் ஆடினால் நமக்கு அதைவிட நல்ல அடையாளம் இருக்கிறது: "கடல் விடு!", "ரோடு விடு!" எங்கே திரும்பி நின்றாலும் கடல் ஒரே பக்கம்தான்.

> பிரேக் – "முறியடிப்பு"?

அடைத்த பக்கமாகவே வட்டை எறிந்துவிடுவதுதான் பிரேக். இதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை என்பது என் கருத்து. ஏரிக்கரையில் உடைப்பெடுத்தால் தண்ணீர் நாம் வெட்டிய வாய்க்காலை விட்டு வேறு வழியில் பாய்கிறது. இங்கேயும் அடைபக்கமாக வட்டு வெளியேறிய நொடியில் ஆறு காவலர்களும் தப்பான பக்கத்தில் நிற்கிறார்கள், அடுத்தடுத்த எறிகளையும் அந்தப் பக்கமாகவே வரிசையாகத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். "உடைப்பு" என்ற சொல்லில் அந்தச் சேதம் முழுக்க இருக்கிறது. "முறியடிப்பு" என்றால் ஆட்டமே முடிந்துபோன மாதிரி ஒலிக்கிறது. "உடைப்பு விடாதே!" என்று ஓரத்தில் நிற்கிறவர்கள் கத்துவதற்கும் இது வரும்.

கப் என்பதற்குக் "குவளை" என்று யாரோ எழுதியிருந்தீர்கள். காற்று பலமாக அடிக்கும்போது ஆளுக்கு ஆள் காப்பதை விட்டுவிட்டு மூன்று பேர் எறிபவரைச் சுற்றி வில்லாக நிற்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். இதில் மறிப்பவர் ஒருவர் மட்டுமே எறிபவருக்கு மூன்று மீட்டருக்குள் நிற்கலாம், மற்ற இருவரும் பக்கத்தில் வேறு எதிராளியைக் காத்துக்கொண்டிருந்தாலொழிய விலகித்தான் நிற்க வேண்டும். "வளைப்பு" போதும். "வளையம்" என்றால் முழுச்சுற்று என்று ஆகிவிடும்.

போச் இன்னும் பாக்கி. தன் ஆளை விட்டுவிட்டு வேறொருவருக்குப் போகிற வட்டின் குறுக்கே பாய்வது. அகராதியைப் பார்த்து "திருட்டு வேட்டை" என்று போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நடுவரே இல்லாமல் ஆடுகிறவர்களே தப்பை ஒத்துக்கொண்டு ஆடும் ஆட்டம் இது, அதில் விதிக்கு உட்பட்ட ஒரு நல்ல உத்திக்குக் களவுப் பெயர் வைப்பது எனக்கு உறுத்துகிறது. "குறுக்குப்பாய்ச்சல்" என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன், கத்துவதற்குக் கொஞ்சம் நீளம். இதைவிடச் சின்னதாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், பட்டியலில் மாற்றிவிடுகிறேன்.