உயர்நிலை மாணவர்களுக்குப் பாலர் கல்விப் பணியை அறிமுகப்படுத்துவது எப்படி?

கேள்வி (சிங்கப்பூர், உட்லண்ட்ஸ் பெற்றோர்):
வணக்கம். உயர்நிலை நான்கில் படிக்கும் என் மகள் பாலர் பள்ளி ஆசிரியையாக விரும்புகிறாள். பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலைதானே என்று உறவினர்கள் சொல்வதால் தயங்குகிறாள். வழிகாட்டுங்கள்.

மறுமொழி (பாலர் பள்ளி ஆசிரியை):
வணக்கம் அம்மா. 2019இல் தொடங்கப்பட்ட தேசிய பாலர் பருவ மேம்பாட்டுக் கழகம், நீ ஆன், தெமாசெக் ஆகிய இரு பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பை வழங்குகிறது. ஆர்வத்தையும் திறனையும் மதிப்பிடும் முன்கூட்டிய சேர்க்கைத் திட்டத்தின்வழி, உயர்நிலை இறுதித் தேர்வுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். மூன்று வயதுப் பிள்ளை மணலை அள்ளிக் கொட்டும்போது எதைக் கற்கிறது என்று கவனித்து, பதிவுசெய்து, மறுநாள் விளையாட்டை அதற்கேற்ப அமைப்பதே எங்கள் வேலை. உறவினர்கள் கண்ணில் படாத பகுதி இதுதான்.

மறுமொழி (தொண்டூழியர்):
விடுமுறையில் ஒரு பாலர் பள்ளியில் தொண்டூழியம் செய்யட்டும். அழுகையும் இரைச்சலும் நிறைந்த முழு நாளை அவள் விரும்புகிறாளா என்பது, எந்தக் கையேட்டையும்விட அங்கே விரைவில் தெரியும்.