நோட்டீஸில் படம் மங்கல், மயில் நீலம் மங்கிப் போச்சு, உதவி தேவை

கேள்வி (அலசூர், பெங்களூரு):
ஆடிக் கிருத்திகை நோட்டீஸ், ஏ5 அளவு, 1000 காப்பி. சுல்தான்பேட்டை பிரஸ் ஒண்ணுல சாம்பிள் வந்தது. முழுப் பக்கத்துக்கும் வச்ச முருகன் படம் மங்கல். போன்ல மின்னுற மயில் நீலம் அச்சுல வெளிறிக் கிடக்கு. வலது ஓரம் வெள்ளைக் கோடு. வாசகத்தை அவங்க கோரல்ங்கிற டிசைன் மென்பொருள்ல ஒட்டினதும் ‘கிருத்திகை’யோட ஐகாரக் கொம்பு ‘க’வுக்குப் பின்னால போயிடுச்சு. படம் வாட்ஸ்அப்ல வந்தது, 960 × 1280. போட்டோஷாப்ல டிபிஐயை (இன்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கிற கணக்கு) 300 ஆக்கியும் பலனில்லை.

பதில் 1:
டிபிஐ வெறும் கணக்கு, சரக்கு பிக்சல்தான். வெட்டு ஓரத்தையும் சேர்த்தா உங்க பக்கம் 8.5 இன்ச் உயரம். 1280-ஐ 8.5-ஆல வகுங்க, இன்ச்சுக்கு 150 பிக்சல்தான் வருது. கையில பிடிச்சுப் பார்க்கிற நோட்டீஸுக்கு 300 வேணும். ‘ரீசாம்பிள்’ டிக்கோட 300 போட்டா, இல்லாத பிக்சலை அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகிச்சு நிரப்பும். வேல் முனை கூர்மையாகாது, வழவழன்னுதான் ஆகும். டிக்கை எடுத்துட்டா பிக்சல் மாறாது, அச்சு அளவுதான் சுருங்கும்.

படம் எடுத்தவர்கிட்ட மூலக் கோப்பை ‘டாக்குமென்ட்’டா அனுப்பச் சொல்லுங்க. 12 மெகாபிக்சல்னா 3000 × 4000 இருக்கும், தாராளம். கிடைக்கலைன்னா படத்தை 8.1 × 10.8 செ.மீ.க்குச் சுருக்கி நடுவுல வைங்க. சின்னதா இருந்தாலும் சாமி முகம் தெளிவா இருக்கணும்.

பதில் 2:
திரை ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளி. பிரஸ் சிஎம்ஒய்கே, அதாவது சயான் (வெளிர் நீலம்), மெஜந்தா (அடர் ரோஸ்), மஞ்சள், கறுப்புன்னு நாலு மை. மயில் கழுத்தோட அந்தப் பளபளப்பு இந்த மைகளுக்கு எட்டாது. போட்டோஷாப்ல கன்ட்ரோல்-ஒய் அழுத்தினா அச்சுல எப்படி வரும்னு முன்னாடியே ஓரளவு தெரியும். நீலத்துக்கு சயான் 100, மெஜந்தா 60 சதவீத அளவுல நிறுத்துங்க. மெஜந்தா சயானை நெருங்கினா கத்தரிப்பூ நிறமாயிடும். தாளும் காரணம்: மேப்லித்தோ (பூச்சில்லாத சாதாரணத் தாள்) மையை உறிஞ்சிடும். 130 ஜிஎஸ்எம் (தாளோட எடைக் கணக்கு) ஆர்ட் பேப்பர், அதாவது வழவழப்பான பூச்சுத் தாள் கேளுங்க.

வெள்ளைக் கோட்டுக்கு ப்ளீட், அதாவது வெட்டுக் கோட்டைத் தாண்டி நீட்டின ஓரம், இல்லாததுதான் காரணம். கட்டு கட்டா வெட்டும்போது தாள் கொஞ்சம் நகரும். பின்னணியை நாலு பக்கமும் 3 மி.மீ. நீட்டி 154 × 216 மி.மீ. ஆக்குங்க; எழுத்து, வெட்டுக் கோட்டுக்கு 5 மி.மீ. உள்ளே இருக்கட்டும்.

பதில் 3:
பழைய கோரல், யூனிகோட் தமிழை (போன்ல, இணையத்துல நாம அடிக்கிற தமிழ்) சரியாச் சேர்க்கத் தெரியாம கொம்பை இடம் மாத்தும். தமிழுக்குப் பதில் இங்கிலீஷ் எழுத்தா வந்திருந்தா அது வேற கோளாறு: பாமினி மாதிரி பழைய எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டர்ல இல்லைன்னு அர்த்தம். இன்க்ஸ்கேப்ங்கிற டிசைன் மென்பொருள் இலவசம். அதுல தட்டச்சு செஞ்சு, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ (எழுத்தை வடிவமா மாத்துற கட்டளை) கொடுத்து, எஸ்விஜி கோப்பா அனுப்புங்க. சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் வைக்கச் சொல்லுங்க. நாலு மை கலந்தா ஓரம் இரட்டையாத் தெரியும்.

கேட்டவர்:
பாத் ஆக்கினப்புறம் பிழை திருத்த முடியுமா?

பதில் 3:
முடியாது, அது வெறும் வடிவம். அதனால திருத்தக்கூடிய கோப்பைத் தனியா சேமிச்சுட்டு, தேதி, அபிஷேக நேரம், உபயதாரர் பெயர் மூணையும் வேற ஒருத்தர் வாசிச்சப்புறம் பாத் ஆக்குங்க.