எண்கோணச் சுவர்க் கடிகாரம்: முகப்புத் தகட்டுக்கு வழிகாட்டல் வேண்டும்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டையில் மரவேலையைப் பொழுதுபோக்காகச் செய்துவரும் நான், ஜெரால்ட் ஜென்டாவின் வடிவமைப்பில் 1972இல் ஓடெமார் பிகே நிறுவனம் வெளியிட்ட ராயல் ஓக் கைக்கடிகாரத்தின் தோற்றத்தைத் தழுவி, தேக்கிலும் பித்தளையிலும் ஓரடி அகலச் சுவர்க் கடிகாரம் ஒன்றை உருவாக்கி வருகிறேன். இது வீட்டுக்காக மட்டுமே. அந்நிறுவனத்தின் பெயரையோ முத்திரையையோ இதில் இடப்போவதில்லை.

அக்கடிகாரத்தில் என்னை மிகவும் கவர்ந்தவை எண்கோண வளையத்தின் எட்டுத் திருகுகள். அவற்றின் அறுகோணத் தலைகள் அதே வடிவக் குழிகளில் அமர்ந்துவிடுவதால் சுழல முடியாது. பின்புறமிருந்துதான் இறுக்க வேண்டும். எட்டுத் தலைகளின் கோடுகளும் பிசகாமல் ஒரே ஒழுங்கில் வளையத்தைச் சுற்றி நிற்பதற்கு அதுவே காரணம். எவ்வளவு நேர்மையான வடிவமைப்பு! அக்குழிகளைத் தேக்கில் உளியாலேயே எடுத்து முடித்துவிட்டேன்.

தடை முகப்பில்தான். ராயல் ஓக் முகப்பில் வரிசையாக எழும்பி நிற்கும் சிறு சதுரங்களை, பெரிய மாதிரித் தட்டைத் தடவிச் சிறிதாக்கிச் செதுக்கும் இயந்திரத்தால் அந்நிறுவனத்தில் வெட்டுகிறார்கள். பித்தளையில் அமில அரிப்பு முறையைக் கையாண்டால் ஓரங்களின் கூர்மை மழுங்கிவிடுகிறது. ஆகவே தென்காசி, புனலூர், கொல்லம் பக்கங்களில் மெல்லிய தகட்டில் சிஎன்சி (கணினி இயக்கும் இயந்திரம்) செதுக்கு வேலை செய்பவர்களைத் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். தகடு வளையாமல் பிடிக்கும் முறையையும், ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் பித்தளை கறுக்காதிருக்க ஏற்ற மேற்பூச்சையும் அனுபவமுள்ளவர்கள் கூறினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.