பத்து டிகிரி காற்றுக்கா, தகட்டுக்கா?

பெனோனி பலகை
நேற்று இரவு விளம்பரப் பலகை ஒட்டுகிற நம் வாட்ஸ்அப் குழுவில் சாட்ஸ்வொர்த் மணி மாமா போட்டதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "ரோலோடு வரும் தாளில் மைனஸ் 40 வரை தாங்கும் என்று இருக்கிறது, ஆகவே குளிர்காலத்தில் எந்த வினைல் ஃபிலிமையும் எங்கேயும் ஒட்டலாம், விலை கூடிய காஸ்ட் ஃபிலிமைச் சொல்கிறவன் வாடிக்கையாளரைப் பிடுங்குகிறான்" என்று எழுதியிருந்தார். அந்த மைனஸ் கணக்கு ஒட்டி முடித்து, பசை நன்றாகப் பிடித்த பிறகு உள்ளது. ஒட்டும் நேரத்துக்கு அதே தாளில் தனி வரி இருக்கிறது. நான் வாங்கும் ரோல்களில் பெரும்பாலும் 10 டிகிரி, சில காஸ்ட் வகைகளில் 4. அதுவும் காற்றுக்கு இல்லை, தகட்டுக்கு. இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜூலை நடுக்குளிர்காலம், அப்போதுதான் ஹாரிஸ்மித் பக்கம் என்3 நெடுஞ்சாலை ஓரத்தில் 12 மீட்டருக்கு 3 மீட்டர் பலகை ஒட்டப் போகிறேன். காஸ்ட்தான் போடுவேன், யாரையும் பிடுங்குவதற்காக இல்லை.

சாட்ஸ்வொர்த் மணி
தம்பி, குழுவில் பேசியதை இங்கே கொண்டுவந்து கொட்டியதற்கு நன்றி. 26 வருடமாக ஒட்டுகிறேன். 10 டிகிரி என்றால் காற்று. வானிலைச் செய்தியில் சொல்வது காற்றைத்தானே? ஹாரிஸ்மித்தில் ஜூலை மதியம் 14, 15 வரும். காஸ்டைவிட மலிவான பாலிமெரிக் ஃபிலிமே போதும்.

பெனோனி பலகை
மாமா, மதியம் வரும், சரி. ஒட்டும் ஆட்கள் காலை எட்டு மணிக்கே ஏணி போடுகிறார்களே? வானம் தெளிவாக இருக்கும் இரவில் தகடு தன் சூட்டை எல்லாம் மேலே விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். போன ஜூன் மாதம் காலையில் பக்கியின் (என் சின்ன லாரி) கூரை முழுக்க உறைபனி, காற்றோ 3 டிகிரி. பக்கத்தில் நின்ற க்ரோமடெக் (பெயிண்ட் பூசிய இரும்பு) தகட்டிலும் அதே வெள்ளை. லேசர் தெர்மாமீட்டர் வைத்தேன், மைனஸ் 1. பசை காற்றில் ஒட்டுவதில்லை, தகட்டில் ஒட்டுகிறது.

மாரிட்ஸ்பர்க் நந்தினி
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். என் கையில் இருக்கும் தாளில் காற்று, ஒட்டும் பரப்பு இரண்டுமே குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரே வரியில் போட்டிருக்கிறது. அது போகட்டும், எந்த ஃபிலிம் என்பதுதானே கேள்வி? பாலிமெரிக் போன்ற காலண்டர்டு ஃபிலிமை உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துச் செய்கிறார்கள். அந்த இழுப்பு அதற்குள்ளேயே தங்கிவிடும். வெயில் பட்டால் பழைய அளவுக்குத் திரும்பப் பார்த்து ஓரங்களில் சுருங்கும். காஸ்டைத் திரவமாக ஊற்றிச் சூட்டில் வேகவைத்து எடுப்பதால் இழுப்பு கிட்டத்தட்ட இல்லை. கனமும் சுமார் 50 மைக்ரான்தான். பகல் சுட்டு இரவு உறையும் இடத்தில் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

சாட்ஸ்வொர்த் மணி
நந்தினி, நீயே "காற்று" என்று முதலில் சொல்லிவிட்டாய். அதைத்தான் நானும் சொல்கிறேன். அப்புறம் தம்பியின் லேசர் துப்பாக்கி. பளபளப்பான அலுமினியத்தில் அதை வைத்தால் தகட்டின் சூடு தெரியாது, எதிரே இருக்கும் வானத்தின் குளிர்தான் தெரியும். இதுகூடத் தெரியாமல் டிகிரி பேச வந்துவிட்டார்.

பெனோனி பலகை
வெறும் அலுமினியத்தில் தப்பாகக் காட்டும் என்பது எனக்குத் தெரியும். நான் வைத்தது க்ரோமடெக், பெயிண்ட் பூசிய இரும்பு. அதில் சரியாகவே காட்டும். வெறும் அலுமினியம் என்றால் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் அளப்பேன். என் பட்டறைப் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விஷயம் இது. எங்கே அளந்தாலும் அளப்பது தகட்டைத்தான், காற்றை இல்லை.

லெனேசியா பிரிண்ட்
ஒரு விஷயம். பிரிண்ட் எடுத்த கையோடு லேமினேஷன் (மேலே ஒட்டும் பாதுகாப்புப் படலம்) போடாதீர்கள். சால்வென்ட் மை என்றால் குறைந்தது 24 மணி நேரம் ரோலைத் தளர்த்தி வைத்துக் காய விடுங்கள். மையின் ஈரம் பசைக்குள் இறங்கினால் ஃபிலிம் மெத்தென்று ஆகி, ஓரம் சுருளும். காஸ்ட் ஃபிலிமுக்கு காஸ்ட் லேமினேட்தான். கீழே காஸ்ட், மேலே மலிவு லேமினேட் என்றால் மேலே இருப்பது சுருங்கிக் கீழே இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும்.

சாட்ஸ்வொர்த் மணி
லேமினேஷன் பற்றி யார் கேட்டார்கள்? பேச்சு 10 டிகிரி காற்றா தகடா என்பது. குளிராக இருந்தால் பின்னாலிருந்து காஸ் டார்ச் காட்டினால் தகடு சூடாகிவிடும். 2012 ஆகஸ்ட் 7 ஜோபர்க்கில் (ஜோகன்னஸ்பர்க்) பனி கொட்டிய அதே வாரம் ஜெர்மிஸ்டனில் ஒட்டியிருக்கிறேன். இன்றும் நிற்கிறது.

பெனோனி பலகை
டார்ச் காட்டினால் உறைபனி உருகித் தண்ணீராகும். அந்தத் தண்ணீர் மூட்டுகளிலும் ரிவெட் தலைகளைச் சுற்றியும் தங்கும். அதன்மேல் ஒட்டினால் அந்த ராத்திரியே திரும்ப உறையும். அலுமினியம் சூட்டை வாங்குவதும் வேகம், விடுவதும் வேகம். மூன்று நிமிடத்தில் பழைய குளிருக்கே போய்விடும். டார்ச் காட்ட வேண்டியிருக்கிறது என்றால் தகட்டின் சூடுதான் கணக்கு என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள், மாமா.

சாட்ஸ்வொர்த் மணி
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. காற்று.

வெருலம் தாஸ்
பனி பெய்தது 2023 ஜூலையில்தானே மணி அண்ணா?

சாட்ஸ்வொர்த் மணி
அது வேறு. 2023 ஜூலை 10 இன்னொரு முறை. நான் சொல்வது 2012. வயதில் பெரியவன் சொல்வதைப் படித்துவிட்டு எழுது.

பெனோனி பலகை
பனி விழுந்த தேதி இருக்கட்டும். ஜெர்மிஸ்டன் பலகை நிற்கிறது என்கிறீர்கள். தைப்பூசக் காவடிக்கு ஒரு கோவில் வாசலில் நீங்கள் ஒட்டிய வளைவுப் பலகையில் முருகனின் வேல் பாதியாகச் சுருண்டு தொங்கியதே, அதை அவிழ்த்துத் திரும்ப ஒட்டியது யார்? நான்தான், ஒரு ரேண்ட் வாங்காமல். அது டர்பன், பிப்ரவரி, குளிரே இல்லாத இடம். அதுவும் இருப்பதிலேயே மலிவான மோனோமெரிக் ஃபிலிம், வளைவில் ஒட்டியிருந்தீர்கள். நான் இதுவரை வெளியில் சொன்னதில்லை.

சாட்ஸ்வொர்த் மணி
இப்போது சொல்லிவிட்டாய் அல்லவா. கோவில் காரியத்தைக் கணக்குப் பார்க்கிறவனிடம் என்ன பேசுவது. அது திருவிழாவுக்கு மட்டும் போட்ட பலகை. கமிட்டி கொடுத்த காசுக்கு அந்த ஃபிலிம்தான் வரும். என் தாத்தா நடந்துபோய்க் கோவில்களுக்குத் தூரிகையால் எழுதினார், பலகை ஒன்றுக்கு ஒரு பணம் வாங்கியதில்லை. உங்கள் வீட்டில் யார் பலகை எழுதினார்கள்?

மாரிட்ஸ்பர்க் நந்தினி
தாத்தாவை விடுங்கள் மாமா. 12 மீட்டர் பலகையில் தகடு நீண்டு சுருங்குவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. 3 மீட்டர் அலுமினியத் தகடு 40 டிகிரி மாற்றத்தில் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீளும். இரவு மைனஸ் 5, பகல் வெயிலில் தகடு 35 என்றால் அந்த 40 வந்துவிடுகிறது. இரண்டு தகடு சேரும் மூட்டில் ஃபிலிமை வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் மேலே ஒட்டினால் காஸ்டாக இருந்தாலும் அங்கே சுருக்கம் விழும், இல்லை கிழியும்.

வெருலம் தாஸ்
க்ரோமடெக் இரும்பு அக்கா, அவ்வளவு நீளாது.

மாரிட்ஸ்பர்க் நந்தினி
பாதிதான் நீளும். ஆனாலும் நீளும். மூட்டை வெட்டத்தான் வேண்டும்.

சாட்ஸ்வொர்த் மணி
சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டினால் எதுவும் சுருங்காது. நாங்கள் டர்பனில் எல்லாப் பெரிய பலகையும் அப்படித்தான் ஒட்டுகிறோம்.

பெனோனி பலகை
டர்பன் வெயிலில் தண்ணீர் காய்ந்துவிடும், அங்கே அது சரி. ஹாரிஸ்மித்தில் ஃபிலிமுக்கு அடியில் மாட்டிய தண்ணீர் எங்கே போகும்? பசை பிடிக்கும் முன்பே ராத்திரி வந்துவிடும். அங்கே உலர் ஒட்டுதான். ஆல்கஹாலால் துடைத்து, துணியால் காயத் துடைத்து, ரோலை முந்தின இரவு சூடான அறையில் வைத்திருந்து, தகடு 10 டிகிரி தாண்டிய பிறகு பதினொரு மணிக்கு ஆரம்பித்து, இரண்டு மணிக்குள் முடிக்க வேண்டும், ஏனென்றால் சூரியன் இறங்கும் முன் பசைக்குக் கொஞ்சமாவது நேரம் வேண்டும். ரோலைப் பக்கியில் இரவு முழுக்கப் போட்டுவைத்தால் காலையில் அது விறைத்து, இழுத்தால் நொறுங்கும். 12 மீட்டரை ஒரே நாளில் முடிக்க முடியாது என்றால் இரண்டு நாள் ஆகட்டும். வாடிக்கையாளரிடம் அதையும் சொல்லிவிட்டேன்.

லெனேசியா பிரிண்ட்
இந்தப் பக்கம் கடல்மட்டத்துக்கு மேலே இருக்கும் உயரத்தையும் வெயிலையும் மறந்துவிடாதீர்கள். குளிர்காலத்திலும் வானத்தில் மேகமே இருக்காது. இங்கே வெயில் வடக்கிலிருந்து விழுவதால், மலிவு ஃபிலிமின் நிறம் முதலில் போவது வடக்குப் பார்த்த பலகையில்தான்.

சாட்ஸ்வொர்த் மணி
தம்பி எழுதியதில் "தகடு 10 டிகிரி தாண்டிய பிறகு" என்று இருக்கிறது. தகடு ஏன் தாண்டுகிறது? காற்று சூடாவதால். ஆகவே காற்று.

பெனோனி பலகை
வெயில் படுவதால், மாமா. காற்று 8 இருக்கும்போதே வெயில் பட்ட கறுப்புத் தகடு 20 காட்டும். அதே தகட்டின் நிழல் விழுந்த ஓரம் 5 காட்டும். ஒரே பலகை, ஒரே காற்று, இரண்டு சூடு. நிழல் ஓரம்தான் முதலில் உரியும்.

சாட்ஸ்வொர்த் மணி
உன் பலகை உரியும்போது எனக்கு போன் செய்.

பெனோனி பலகை
வியாழக்கிழமை போகிறேன். காஸ்ட் ஃபிலிம், 4 டிகிரி பசை, தகட்டின் சூட்டை மூட்டுக்கு மூட்டு எழுதி வைத்துப் படத்தோடு போடுகிறேன்.

சாட்ஸ்வொர்த் மணி
காற்றின் சூட்டையும் எழுது.

வெருலம் தாஸ்
வான் ரீனன் கணவாய் வழியாகத்தான் வருகிறாயா? 2024 செப்டம்பரில் பனியில் என்3 மூடியபோது என் மாமா ராத்திரி முழுக்கக் காரிலேயே மாட்டிக்கொண்டார்.

பெனோனி பலகை
நான் வருவது ஜோபர்க் பக்கமிருந்து தாஸ், கணவாய் ஹாரிஸ்மித்துக்கு அப்பால். மணி மாமா, எழுதுகிறேன். தகட்டின் கணக்குக்குக் கீழே.